நிலத்தடிச் சுரங்கத்தில் புது வேலை: முதல் சில மாதங்களை எப்படி ஓட்டுவது

மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டது, வகுப்பறையில் உட்கார வைத்து விதிமுறைகளைச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள், இனி கீழே இறங்க வேண்டியதுதான் பாக்கி என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தக் கட்டத்தில் பாறை, இருட்டு எல்லாவற்றையும் விட மனதை அதிகம் அரிக்கிற கவலை, கூட வேலை செய்கிறவர்கள் நம்மை ஒன்றும் தெரியாத ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்பதுதான். அதை மேலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். புது ஆள் மெதுவாகத்தான் வேலை செய்வார் என்று கீழே எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு வயிற்றைக் கலக்குவது, சொன்னது புரியாமலே 'சரி சரி' என்று தலையாட்டிவிட்டுப் போகிற ஆள். முதல் சில மாதங்களுக்கு உங்கள் வேலையே இடத்தைக் கற்றுக்கொள்வதுதான், டன் கணக்கெல்லாம் அப்புறம் தானாக வரும்.

நிலக்கரிச் சுரங்கம் வேறு, தங்கமோ செம்போ எடுக்கிற உலோகச் சுரங்கம் வேறு, ஒரே வகையிலும் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் தனி விதிகள் உண்டு. இங்கே எழுதியிருப்பதும் உங்கள் சுரங்கத்தின் விதியும் ஒத்துப்போகாத இடத்தில் உங்கள் சுரங்கம் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்குவதற்கு முன்

ஷிஃப்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுங்கள். உடை மாற்றவும், விளக்கு எடுக்கவும், முந்தைய ஷிஃப்ட் எந்த நிலையில் விட்டுவிட்டுப் போனது என்று கேட்கவும் நேரம் வேண்டும். ஷிஃப்ட் தொடக்கக் கூட்டத்தில் எந்த இடத்தில் கூரை சரியில்லை, எந்த வழி அடைபட்டிருக்கிறது, இன்றைக்கு எங்கே வெடி என்றெல்லாம் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். இடப்பெயர்கள் முதலில் ஒன்றும் பிடிபடாது. ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் தேடிப் பாருங்கள். நாலைந்து ஷிஃப்ட் இப்படிச் செய்தாலே பாதி சுரங்கம் மனதில் பதிந்துவிடும்.

பூட்ஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கீழே தரை முழுக்கச் சேறும் கூழாங்கல்லும்தான், அதில் ஷிஃப்ட் முழுக்க நடக்க வேண்டும், அளவு கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் குதிகால் கொப்புளித்துவிடும். தடிமனான சாக்ஸ் போடுங்கள், மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். புது ஹெல்மெட்டில் விளக்கையும் மாட்டினால் முதல் வாரம் கழுத்து வலிக்கும். அது போகப் போகச் சரியாகிவிடும்.

நிலக்கரிச் சுரங்கம் என்றால் பாக்கெட்டை இரண்டு முறை தடவிப் பாருங்கள். தீப்பெட்டி, லைட்டர், சிகரெட், போன், பேட்டரி கடிகாரம் எதுவும் கூடாது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சின்னப் பொறி போதும். கீழே பயன்படுத்தும் மின்கருவிகளைப் பொறி வெளிப்படாதபடி தனியாகத் தயாரித்துச் சான்று பெற்றிருப்பார்கள். உங்கள் போனுக்கு அந்தச் சான்று கிடையாது. மறந்து எடுத்து வந்துவிட்டால் பாதி வழியில் நினைவு வந்தாலும் சொல்லிவிடுங்கள், மறைத்து வைத்துப் பிடிபட்டால் வேலையே போய்விடும்.

அப்புறம் டேக். இறங்கும்போது உங்கள் பெயரோ எண்ணோ உள்ள டேக்கைப் பலகையில் மாட்டுவீர்கள், மேலே வந்ததும் எடுப்பீர்கள். சில இடங்களில் இதற்கு மின்னணு அட்டை. விபத்து என்று வந்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பலகைதான் முதல் ஆதாரம். எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால் மேலே வந்துவிட்ட ஒருவரைத் தேடி மீட்புக்குழு கீழே போகும், அதோடு அன்றைய வெடியும் நிற்கும். அடுத்த நாள் அத்தனை பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

பெல்ட்டில் தொங்கும் செல்ஃப் ரெஸ்க்யூவரை, அதாவது புகையோ விஷவாயுவோ சூழ்ந்தால் வெளியேறுகிறவரை சுவாசிக்க உதவும் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதை இடுப்பில் ஒரு சுமையாக மட்டுமே நினைக்கிறார்கள். இதில் இரண்டு வகை. ஒன்று வடிகட்டி வகை. காற்றில் உள்ள கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றித் தரும், அவ்வளவுதான். ஆக்சிஜனே குறைந்துபோன இடத்தில் அதனால் பயன் இல்லை. இன்னொன்று ஆக்சிஜனைத் தானே தருகிற வகை. இதில் பல கருவிகளுக்குள் பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடு இருக்கும், நீங்கள் வெளியே விடும் மூச்சின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் அது வினைபுரிந்து ஆக்சிஜனை வெளியிடும். உங்களுடையது எந்த வகை, எத்தனை நிமிடம் தாங்கும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலுமே உள்ளிழுக்கும் காற்று சூடாக வரும், தொண்டை காயும், மூச்சு இழுக்கவும் கடினமாக இருக்கும். கருவி கெட்டுப்போய்விட்டது என்று பதறிக் கழற்றிவிடுவதுதான் ஆபத்து. சூடு வருகிறதென்றால் அது வேலை செய்கிறது. நல்ல காற்றுக்கு வந்து சேர்கிறவரை, பேசுவதற்காகக் கூட வாயிலிருந்து எடுக்கக் கூடாது. பயிற்சிக் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப் பழகுங்கள். நிஜத்தில் தேவைப்படும்போது புகை சூழ்ந்திருக்கும், கை நடுங்கும். ஒவ்வொரு ஷிஃப்டும் எடுக்கும்போது மூடி, சீல், நசுங்கல் பார்க்க மறக்காதீர்கள்.

கூண்டும் இருட்டும்

சில சுரங்கங்களில் சரிவுப் பாதையில் வண்டியிலேயே இறங்குவார்கள், சிலவற்றில் கூண்டு. கூண்டில் போகும்போது காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். கையும் சாமான்களும் கூண்டுக்குள்ளேயே இருக்கட்டும். மணி அடிப்பதும் கதவு திறப்பதும் அதற்கென்று உள்ளவரின் வேலை, நீங்கள் தொட வேண்டாம்.

வழிகாட்டி அழைத்துப்போகும்போது ஒரு இடத்தில் எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொல்வார். கண் பழகினால் ஏதாவது தெரியும் என்று நினைப்பீர்கள். எவ்வளவு நேரம் நின்றாலும் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. இதைக் காட்டுவது விளையாட்டுக்காக இல்லை. பிற்பாடு தனியாக இருக்கும்போது விளக்கு அணைந்தால் நடக்காதீர்கள், நின்ற இடத்திலேயே ஓரமாக உட்கார்ந்து ரேடியோவில் கூப்பிடுங்கள் என்று சொல்வதற்காகத்தான். சின்னதாக ஒரு உபரி விளக்கை, சுரங்கம் அனுமதித்தால், பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம். அடைபட்ட இடம் என்றாலே மூச்சு முட்டுகிற சுபாவம் உங்களுக்கு இருந்தால் அதை முதல் முறை இறங்கும்போதே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வேலையில் கவனம் போனதும் அடங்கிவிடுகிறது. அடங்காதவர்களும் உண்டு, அவர்களுக்கு மேலே வேறு வேலை பார்ப்பதுதான் நல்லது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எதிரே வருகிறவர் முகத்தில் விளக்கு வெளிச்சத்தை அடிக்காதீர்கள். பேசும்போது அவர் தோளையோ நெஞ்சையோ பார்த்துப் பேசுகிற பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். விளக்குச் சைகைகளையும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் 'நில்' என்பது பெரும்பாலான இடங்களில் பொது, மற்றவை சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும்.

வெளியே போக இரண்டு வழி

எந்த இடத்தில் வேலைக்கு நிறுத்தினாலும் நான்கு விஷயம் தெரியாமல் கருவியைத் தொடாதீர்கள்: வெளியே போகும் முதல் வழி, அது அடைபட்டால் இரண்டாவது வழி, பக்கத்திலுள்ள புகலிட அறை, பக்கத்திலுள்ள தொலைபேசி. வரைபடத்தில் பார்த்தது போதாது, ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். 2010-இல் சிலி நாட்டின் சான் ஹோசே சுரங்கத்தில் 33 பேர் மாட்டிக்கொண்டார்கள், 69 நாள் கழித்துத்தான் எல்லோரும் மேலே வந்தார்கள். பாறை சரிந்ததும் அவர்கள் காற்றோட்டக் குழி வழியாக ஏறித் தப்பிக்கப் பார்த்தார்கள், ஆனால் அங்கே இருந்திருக்க வேண்டிய ஏணி இல்லை. இரண்டாவது வழியில் ஏணி நன்றாக இருக்கிறதா, நடுவில் யாராவது சாமான் போட்டு அடைத்திருக்கிறார்களா என்று நீங்களே பார்த்துவிட்டு, குறை இருந்தால் சொல்லுங்கள். புது ஆள் சொல்கிறாரே என்று யாரும் தட்டிவிட முடியாத புகார் அது.

சில நிலக்கரிச் சுரங்கங்களில் தப்பிக்கும் வழி நெடுக ஒரு கயிறு கட்டியிருப்பார்கள், அதில் இடைவெளி விட்டுக் கூம்புகள் கோத்திருக்கும். புகையில் ஒன்றும் தெரியாதபோது கயிற்றைப் பிடித்து நடக்க வேண்டும். கூம்பின் குறுகிய முனை உள்பக்கம் பார்த்திருக்கும்படி கட்டுவார்கள். வெளியே போகும் திசையில் நடந்தால் கை கூம்பின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், உள்ளே போகும் தவறான திசை என்றால் கூம்பின் தட்டையான பின்பக்கத்தில் கை முட்டும். கையுறையோடு ஒரு தடவை தடவிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பல உலோகச் சுரங்கங்களில் ஆபத்து என்றால் காற்றோட்டத்தில் எத்தில் மெர்காப்டன் கலப்பார்கள். சமையல் கேஸில் கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் அதே நாற்றம். அந்த வாசனை வந்தால் என்னவென்று விசாரித்துக்கொண்டு நிற்காமல், உங்கள் சுரங்கம் சொல்லித் தந்தபடி புகலிட அறைக்கோ வெளியேயோ போய்விட வேண்டும். பயிற்சியாக இருக்கலாம் என்று நினைத்தாலும் போய்விடுங்கள்.

கூரையை நம்பாதீர்கள்

இந்த வேலையில் தினமும் புதிதாகக் கற்க வேண்டிய ஒரே விஷயம் தலைக்கு மேலே இருக்கிற பாறைதான். நேற்று நன்றாக இருந்தது என்பது இன்றைக்கு ஒரு ஆதாரம் ஆகாது. வெடி வைத்த புதிய முகப்பில், அதாவது பாறையை உடைத்து முன்னேறுகிற இடத்தில், பாறை இன்னும் அடங்கியிருக்காது, பக்கத்தில் வெடித்த அதிர்வு பழைய இடத்தையும் அசைத்திருக்கும், ஈரம் இறங்கினால் இடுக்குகள் தளரும்.

முட்டுக் கொடுக்காத கூரைக்குக் கீழே போகக் கூடாது. கருவி அங்கே விழுந்துவிட்டது, ஒரு அடிதானே, எட்டி எடுத்துவிடலாம் என்று தோன்றும். கூடாது. கூரைப் பாறையைப் பிடித்து நிறுத்த அடிக்கும் இரும்புக் கம்பிகளான ரூஃப் போல்ட்டின் கடைசி வரிசை எங்கே முடிகிறது என்று பார்த்து, அதுதான் எல்லை என்று மனதில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஆட்களில் ஓரிருவர் அந்தக் கோட்டைத் தாண்டுவதைப் பார்ப்பீர்கள். அனுபவம் இருப்பதால் அவர்கள் மேல் பாறை விழாது என்று ஒன்றும் இல்லை, அதை மட்டும் அவர்களிடமிருந்து கற்காதீர்கள்.

கூரையைத் தட்டிப் பார்ப்பதை ஒரு நல்ல ஆளின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். நீளமான கடப்பாரையால் தட்டும்போது உறுதியான பாறை கணீரென்று ஒலிக்கும், கையிலும் அந்த அதிர்வு சுருக்கென்று ஏறும். பிளந்து பிரிந்து நிற்கிற பாறை பொத்தென்று உள்ளே காலியாக இருக்கிற மாதிரி ஒலிக்கும். வித்தியாசம் எழுத்தில் புரியாது, இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள், காது ஒரு முறை பிடித்துக்கொண்டால் மறக்காது. அப்புறம் மற்ற அறிகுறிகள்: பொடிக்கல் உதிர்வது, ஒரு இடத்தில் மட்டும் தூசு கோடாக விழுவது, கூரையில் அடித்த கம்பி வலை பை போலத் தொங்குவது, போல்ட்டின் தகடு வளைந்திருப்பது, முட்டுக் கட்டை முனகுவது. இதில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலும் பின்வாங்கிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

தளர்ந்த பாறையைத் தள்ளி விழ வைக்கும் வேலை உங்களுக்கு வந்தால், முதலில் போதுமான நீளமுள்ள கடப்பாரையா என்று பாருங்கள். குட்டைப் பாரையோடு பாறைக்கு நேர் கீழே போய் நிற்பதைப் போல அபத்தம் எதுவும் இல்லை. நல்ல கூரைக்குக் கீழே நின்றுகொண்டு மோசமான இடத்தை நோக்கி நகர வேண்டும், மறுபுறமாக இல்லை. பாரையை உடம்புக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். வயிற்றுக்கு நேராக வைத்தால் பாறை பாரை மேல் சரியும்போது மறுமுனை உங்களைக் குத்திவிடும். தள்ளுவதற்கு முன்பே எந்தப் பக்கம் ஒதுங்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, அந்த வழியில் கால் தடுக்குகிற கல், குழாய், கேபிள் எல்லாம் அகற்றி வையுங்கள்.

வண்டிகள்

உடைந்த பாறையை அள்ளிச் செல்லும் வண்டிதான் லோடர். அதன் ஓட்டுநர் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். வாளி தூக்கியிருந்தால் அந்தப் பக்கம் அவருக்கு எதுவும் தெரியாது, தெரிகிற பக்கத்திலும் வண்டிக்கு மிக அருகில் நிற்கிற ஆள் பார்வைக்குள் வர மாட்டார். சுருக்கமாகச் சொன்னால், உங்களுக்கு வண்டி தெரிகிறது என்பதால் வண்டிக்கு நீங்கள் தெரிகிறீர்கள் என்று ஆகிவிடாது. வண்டிச் சத்தம் கேட்டதும் சுவரில் குடைந்திருக்கும் ஒதுங்கிடத்துக்குள் போய் நில்லுங்கள், விளக்கை ஓட்டுநர் பக்கம் காட்டுங்கள். அருகே போக வேண்டுமென்றால் ரேடியோவில் சொல்லி, அவர் வாளியைத் தரையில் இறக்கி, பிரேக் போட்டு, 'வா' என்று பதில் சொன்ன பிறகுதான். வண்டியின் நடுவே மடிகிற மூட்டுப் பகுதியில் எந்தக் காரணத்துக்காகவும் நிற்காதீர்கள். ரிமோட்டில் ஓடும் லோடர் வேலை செய்கிற இடத்தில் தடுப்பு போட்டிருந்தால் அதற்கு அப்பால் ஒரு அடி கூட வைக்கக் கூடாது.

காற்று, வாயு, வெடி

வாயுமானியை எப்படி வாசிப்பது என்று கற்றுக்கொள்ளுங்கள், மூக்கை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும், ஆனால் அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றம் போய்விட்டது என்று நினைக்க வைக்கும். மீத்தேன் லேசானது, கூரையின் பள்ளங்களில் போய்த் தங்கும். கார்பன் டை ஆக்சைடு கனமானது, தாழ்வான முட்டுச்சந்துகளில் தேங்கும். பயன்படுத்தாமல் கிடக்கிற பாதைக்குள் ஒதுங்கலாம் என்று தனியாகப் போய்விடாதீர்கள், அங்கே ஆக்சிஜன் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பிரிட்டன் சுரங்கங்களில் 1986 வரை கேனரி குருவிகளைக் கூண்டில் கொண்டு போனார்கள் என்றால், மனித உடம்பு இதில் எவ்வளவு தாமதமாக விழித்துக்கொள்ளும் என்று புரியும்.

காற்றுக் கதவுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்றை மூடிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தால் நல்ல காற்று குறுக்கு வழியில் போய்விடும், முகப்பில் வேலை செய்கிறவர்களுக்குக் காற்று வராது. கை நிறையச் சாமான் இருக்கிறது என்று கதவுக்குக் கல் முட்டுக் கொடுத்தால் நல்ல வசவு கிடைக்கும், அதுவும் நியாயமாக.

வெடி விஷயத்தில் புது ஆளுக்கு வேலை குறைவு, கட்டுப்பாடு அதிகம். எல்லைக் காவலுக்கு நிறுத்தினால், நிறுத்தியவரே வந்து சொல்கிறவரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். வெடித்தபின் காற்று சுத்தமாகி, அனுமதி வந்த பிறகுதான் உள்ளே. வெடிப்புகையில் இருக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு மோசமானது. அந்த நேரத்தில் லேசான இருமலோடு போய்விட்ட மாதிரி இருக்கும், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே புகையைச் சுவாசித்துவிட்டால் நன்றாக இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். பழைய துளையில் திரும்பத் துளையிடக் கூடாது, உள்ளே வெடிக்காத மருந்து இருக்கலாம். கிடக்கிற வயரையோ மருந்துக் குச்சியையோ பார்த்தால் தொடாமல் இடத்தை அடையாளமிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

குழுவில் ஒருவராக ஆவது

புது ஆளைக் கிண்டல் செய்யாத குழு உலகத்தில் இல்லை. இல்லாத கருவியின் பெயரைச் சொல்லி எடுத்து வரச் சொல்வார்கள், பட்டப்பெயர் வைப்பார்கள். சிரித்துவிட்டுப் போங்கள், ஒரு மாதத்தில் சலித்துவிடும். ஆனால் பாதுகாப்போடு விளையாடுகிற கிண்டலும், ஒருவரையே குறிவைத்துத் தினமும் நோகடிப்பதும் வேறு கணக்கு, அதை ஷிஃப்ட் பாஸிடம் கொண்டுபோகலாம்.

மரியாதை சம்பாதிக்க நான் பார்த்த வரையில் எளிய வழிகள்தான் இருக்கின்றன. கடன் வாங்கிய கருவியைக் கழுவி அதே இடத்தில் வைப்பது, சாப்பிடும் இடத்தைக் கூட்டுவது, தண்ணீர்க் குழாய் ஒழுகினால் யாரும் சொல்லாமலே அடைப்பது, ரேடியோவில் சுருக்கமாகப் பேசுவது. ரேடியோவில் ஒரு செய்தி வந்தால் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். 'சரி' என்ற ஒற்றைச் சொல்லால் எதிரில் இருப்பவருக்கு நீங்கள் எதைப் புரிந்துகொண்டீர்கள் என்று தெரியாது.

இயந்திரத்தைப் பழுது பார்க்க நிறுத்தினால் மின்சாரத்தைத் துண்டித்து அவரவர் பூட்டை அவரவர் போட வேண்டும், சாவி அவரவர் பாக்கெட்டில். 'என் பூட்டு போதும், நீ சும்மா வா' என்று எவ்வளவு பெரிய ஆள் சொன்னாலும் உங்கள் பூட்டையும் போடுங்கள்.

உடம்பு

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டும் இரவு வேலையும் முதலில் தூக்கத்தில்தான் கை வைக்கும். பகலில் தூங்குகிறவர் அறையை நன்றாக இருட்டாக்கி, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களிடமும் நேரத்தைச் சொல்லிவிட வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் சில நாட்களில் மொத்த ஷிஃப்டிலும் ஆபத்தான பகுதி. கண் சொக்கினால் ஓரமாக நிறுத்தித் தூங்கிவிட்டுப் போங்கள்.

ஆழம் கூடக் கூடப் பாறையே சூடாகும், பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி, சில இடங்களில் குறைவாக. தென்னாப்பிரிக்காவின் எம்போனெங் தங்கச் சுரங்கம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஆழம், அங்கே ஐஸ் குழம்பைக் கீழே அனுப்பித்தான் காற்றைக் குளிர வைக்கிறார்கள். உங்கள் சுரங்கம் அவ்வளவு ஆழம் இல்லாவிட்டாலும் தாகம் எடுக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். கழிப்பறை எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரையே தவிர்க்கிற புது ஆட்கள் நிறைய. கூட்டத்தோடு நடக்கும்போது முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

தூசும் சத்தமும் இன்றைக்கு ஒன்றும் செய்யாது, அதனால்தான் ஏமாற்றுகின்றன. சிலிக்கா தூசு நுரையீரலில் போட்ட வடு ஆறாது. துளையிடும்போது தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடவில்லையென்றால் நிறுத்துங்கள். முகமூடி தோலோடு ஒட்ட வேண்டும், தாடி இருந்தால் ஓரத்தில் தூசு புகுந்துவிடும். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் சேர்த்துவிட்டது, எனவே வண்டியைச் சும்மா ஓட விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று அரட்டை அடிக்க வேண்டாம். காதடைப்பானைச் சரியாகப் போடும் முறையையும் யாரிடமாவது கேளுங்கள், பாதிப் பேர் அதைக் காதின் வாசலில் சும்மா செருகிவைத்திருக்கிறார்கள்.

முதல் வாரம் பயம் இருக்கும், அதனால் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்வீர்கள். எனக்குக் கவலை அதற்குப் பிறகு வரும் காலத்தைப் பற்றித்தான். வழிகள் பழகி, பெயர்கள் தெரிந்து, பூட்ஸும் காலுக்குப் பொருந்தி, கூரையை நிமிர்ந்து பார்க்காமலே முகப்புக்கு நடக்கத் தொடங்குகிற அந்த நாட்கள். சரியாக அந்த நேரத்தில்தான் உங்களை வேறு பகுதிக்கும் மாற்றுவார்கள், இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தில், பெரும்பாலும் வழிகாட்டி இல்லாமல். அங்கே கூரையின் குணம் வேறு, காற்று வரும் திசை வேறு, தொலைபேசி இருக்கும் இடம் வேறு. போன முதல் ஷிஃப்டிலேயே, வேலையைத் தொடங்கும் முன், இரண்டாவது வழியையும் புகலிட அறையையும் யாராவது கூட வந்து காட்ட வேண்டும் என்று ஷிஃப்ட் பாஸிடம் கேளுங்கள். அதற்குப் போகிற நேரத்தை அவர் அன்றைய கணக்கில் சேர்த்துக்கொள்வார்.